காட்டும் எண்ணும் கண்ட எண்ணும்

நுழையும்முன்

கருவிகள் சூழ்ந்த உலகில் மனிதர் எண்களை நம்பி வாழ்கின்றனர். உடலின் வெப்பம், வீட்டின் மின்பயன்பாடு, நடந்த தொலைவு என அனைத்தையும் ஏதேனும் ஒரு திரை எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. அந்த எண் எவ்வாறு பிறந்தது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. பெட்ரோலும் மின்சாரமும் இணைந்து இயக்கும் மகிழுந்தின் திரை காட்டும் எரிபொருள் சிக்கனத்தையும், சாலையில் உண்மையாகக் கிடைக்கும் சிக்கனத்தையும் ஒப்பிட்டு, ஓர் எண்ணை ஆராய்ந்து ஏற்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

'அளவை' என்னும் தமிழ்ச்சொல் இருபொருள் உடையது. படி, நாழி, முழம் முதலிய அளக்கும் கருவிகளை அது குறிக்கும். ஒன்றை உண்மையென அறிவதற்குரிய வழிகளையும் குறிக்கும். அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அறியும் வழிகள் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிக் கூறுகிறது. நேரே கண்டறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கவர் கூற்றைக் கொண்டு அறிவது உரை. மெய்ப்பொருளை ஆராய்வதற்கு வகுக்கப்பட்ட இப்பாகுபாடு, இன்றைய மகிழுந்து ஒன்றின் எரிபொருள் கணக்கை ஆராய்வதற்கும் பொருந்துவது வியப்புக்குரியது.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும்? இவ்வினாவுக்கு மூன்று விடைகள் கிடைக்கின்றன. விற்பனையின்போது தரப்படும் சான்றிதழ் எண் முதலாவது, அஃது உரை. ஓட்டுநரின் முன்னுள்ள திரை காட்டும் எண் இரண்டாவது, அது கருதல். பெட்ரோல் நிலையத்தில் நிரப்பிய அளவையும் ஓடிய தொலைவையும் கொண்டு கணக்கிடும் எண் மூன்றாவது; அது காண்டல். ஒரே வண்டிக்குரிய இம்மூன்று எண்களும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

இரண்டு ஆற்றல், ஒரு வண்டி

பெட்ரோல் இயந்திரமும் மின்னோடியும் சேர்ந்து இயக்கும் வண்டி 'ஹைப்ரிட்' எனப்படும் கலப்பு ஆற்றல் மகிழுந்து ஆகும். இக்கருத்து புதிதன்று. 1900ஆம் ஆண்டையொட்டியே ஃபெர்டினாண்ட் போர்ஷே இத்தகைய வண்டியொன்றை உருவாக்கினார். எனினும், பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் கலப்பு ஆற்றல் மகிழுந்து என்னும் சிறப்பு, 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் வண்டிக்கே உரியது.

இவ்வண்டியின் சிக்கனத்திற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, வண்டி நிற்கும்போது இயந்திரமும் நின்றுவிடுகிறது; போக்குவரத்து விளக்கருகே பெட்ரோல் வீணாவதில்லை. இரண்டாவது, பிரேக்கை அழுத்தும்போது மின்னோடி மின்னாக்கியாக மாறுகிறது. சாதாரண வண்டியில் வெப்பமாகச் சிதறிப்போகும் இயக்க ஆற்றலின் ஒரு பகுதி இங்கு மின்சாரமாகி மின்கல அடுக்கில் சேர்கிறது. மூன்றாவது, மின்னோடி துணைநிற்பதால் பெட்ரோல் இயந்திரத்தைச் சிறியதாகவும் சிக்கனமானதாகவும் வடிவமைக்க முடிகிறது. பிரியஸ் வண்டியின் இயந்திரம் அட்கின்சன் சுழற்சி முறையில் இயங்குகிறது. விசை சற்றுக் குறைந்தாலும் எரிபொருளின் ஆற்றல் மிகுதியாகப் பயன்படுகிறது.

இதனால் ஒரு தலைகீழ் விளைவு தோன்றுகிறது. சாதாரண மகிழுந்து நெடுஞ்சாலையில் சிக்கனமாகவும் நகர நெரிசலில் செலவு மிகுந்ததாகவும் ஓடும். கலப்பு ஆற்றல் மகிழுந்தோ அடிக்கடி நின்று செல்லும் நகரச் சாலையிலேயே தன் சிக்கனத்தை முழுமையாக வெளிப்படுத்தும். நெடுஞ்சாலையில் பிரேக் பயன்பாடு குறைவு. ஆகவே மீட்கப்படும் ஆற்றலும் குறைவு. மேலும், காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 110 கிலோமீட்டராக வேகம் உயர்ந்தால் காற்றெதிர்ப்பு ஏறத்தாழ 1.9 மடங்காகிறது.

உரை: ஆய்வகம் சொன்ன எண்

சான்றிதழ் எண் சாலையில் அளக்கப்படுவதன்று. ஆய்வகத்தில் உருளைகளின்மீது வண்டியை நிறுத்தி, வரையறுக்கப்பட்ட வேக அட்டவணைப்படி அதனை இயக்குகின்றனர். வெளிவரும் புகையிலுள்ள கார்பனின் அளவைக் கொண்டு எரிந்த பெட்ரோலைக் கணக்கிடுகின்றனர். எல்லா வண்டிகளையும் ஒரே நிலையில் ஒப்பிடுவதற்கு இம்முறை மிகவும் ஏற்றது. ஆயினும், ஆய்வகத்தின் ஓட்டமும் மக்களின் ஓட்டமும் ஒன்றல்ல.

இதற்குப் பிரியஸ் வண்டியே சிறந்த சான்று. 2004 முதல் 2009 வரை அமெரிக்காவில் விற்பனையான இரண்டாம் தலைமுறைப் பிரியஸ், தொடக்கத்தில் நகரச் சாலையில் கேலனுக்கு 60 மைல், நெடுஞ்சாலையில் 51 மைல், இரண்டும் கலந்து 55 மைல் எனச் சான்றளிக்கப்பட்டது. லிட்டர் கணக்கில் 55 மைல் என்பது ஏறத்தாழ 23.4 கிலோமீட்டர் ஆகும். சாலையில் அந்த எண் கிடைக்கவில்லை என உரிமையாளர் பலர் குறைகூறினர்.

பழைய சோதனையின் நெடுஞ்சாலைப் பகுதியில் மிகுதியான வேகம் மணிக்கு 97 கிலோமீட்டர் மட்டுமே. குளிரூட்டி இயக்கப்படவில்லை. கடுங்குளிர் கணக்கில் கொள்ளப்படவில்லை. ஆகவே, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து சோதனை முறையை மாற்றியது. விரைவான ஓட்டம், 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குளிரூட்டியுடன் ஓட்டம், உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 7 டிகிரி குளிரில் ஓட்டம் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. புதிய கணக்கின்படி அதே பிரியஸ் நகரில் 48 மைல், நெடுஞ்சாலையில் 45 மைல், கலந்து 46 மைல் மட்டுமே ஓடுவதாக அறிவிக்கப்பட்டது. 46 மைல் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 19.6 கிலோமீட்டர்.

வண்டியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. எண் மட்டும் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. கேட்கப்பட்ட வினா மாறியதால் விடையும் மாறியது.

விதியின் இடைவெளியும் எண்ணை மாற்றக்கூடும். 2013ஆம் ஆண்டு மாதிரியான ஃபோர்டு சி-மேக்ஸ் கலப்பு ஆற்றல் மகிழுந்து, தொடக்கத்தில் கேலனுக்கு 47 மைல் என்று குறிக்கப்பட்டது. அந்த எண் சி-மேக்ஸ் வண்டியைச் சோதித்துப் பெறப்பட்டதன்று. ஒரே இயந்திரமும் பல்லிணை அமைப்பும் எடைப்பிரிவும் கொண்ட வண்டிகளுக்கு ஒரே எண்ணைப் பயன்படுத்தலாம் என்னும் விதியின்படி, காற்றைக் கிழித்துச் செல்லும் தாழ்ந்த வடிவமுடைய ஃபியூஷன் வண்டியின் எண் உயரமான சி-மேக்ஸுக்கும் தரப்பட்டது. 2013 ஆகஸ்டில் அது 43 ஆகவும், 2014 ஜூனில் 40 ஆகவும் குறைக்கப்பட்டது. வாங்கியவர்களுக்கு நிறுவனம் இழப்பீடு வழங்கியது. விதி மீறப்படவில்லை, எனினும் உரை பொய்த்தது.

தெரியுமா?
வேகமானியும் தொலைவுமானியும் வேறு வேறு இயல்புடையவை. ஐக்கிய நாடுகள் அவையின் வண்டி விதிமுறைப்படி, வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. ஒரு வரம்புக்கு உட்பட்டுக் கூட்டிக் காட்டலாம். ஆகவே வேகமானிகள் சற்றுக் கூடுதலாகக் காட்டுமாறே அமைக்கப்படுகின்றன. அதனைக் கொண்டு தொலைவுமானியும் அதே அளவு கூட்டிக் காட்டுகிறது என முடிவு செய்வது பிழையாகும்.

கருதல்: திரை சொல்லும் எண்

முகப்புத் திரையில் ஒளிரும் எண் அளக்கப்பட்டது என்றே பலரும் கருதுவர். உண்மையில் அது கணக்கிடப்பட்டது. பெட்ரோல் தொட்டியிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பதைத் திரை பார்ப்பதில்லை. இயந்திரத்தினுள் பெட்ரோலைத் தூவும் தெளிப்பான்கள் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறந்திருந்தன என்பது வண்டியின் கணினிக்குத் தெரியும். இவ்வளவு நேரம் திறந்திருந்தால் இவ்வளவு பெட்ரோல் பாய்ந்திருக்கும் என்று அது உய்த்துணர்கிறது. சக்கரங்களின் சுழற்சியைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது. தொலைவைப் பெட்ரோலால் வகுத்தால் திரையின் எண் பிறக்கிறது.

தெளிப்பானின் துளை காலப்போக்கில் மாறலாம்; பெட்ரோலின் அழுத்தமும் வெப்பமும் கணினி எண்ணியதிலிருந்து வேறுபடலாம். நொடிக்குப் பலமுறை நிகழும் ஒரு சிறு பிழை, பல்லாயிரம் முறை கூடும்போது கண்ணுக்குத் தெரியும் வேறுபாடாகிறது. பிரியஸ் வண்டியின் உரிமையாளர் பலர் நெடுங்காலம் குறித்துவைத்த கணக்குகளில், திரை காட்டும் எண் பெட்ரோல் நிலையக் கணக்கைவிடச் சில விழுக்காடு கூடுதலாக இருப்பதே வழக்கமாக உள்ளது.

கலப்பு ஆற்றல் மகிழுந்துக்கு மட்டுமே உரிய வேறொரு மயக்கமும் உண்டு. திரையின் கணக்கில் பெட்ரோல் மட்டுமே செலவாக எழுதப்படுகிறது. மின்கலத்தில் முன்பே சேர்ந்திருந்த மின்சாரம் வரவாகவோ செலவாகவோ எழுதப்படுவதில்லை. சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்துவிட்டு, இம்மாதம் செலவு குறைந்தது என்று மகிழும் குடும்பத்தின் கணக்கை இஃது ஒக்கும்.

இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் மின்கல அடுக்கு ஏறத்தாழ 1.3 கிலோவாட் மணி ஆற்றலைக் கொள்ளும். மின்கலம் நெடுநாள் உழைப்பதற்காக அதில் ஒரு பகுதி மட்டுமே பயன்படுத்தப்படுகிறது. அப்பகுதி ஏறத்தாழ அரைக் கிலோவாட் மணி எனக் கொள்ளலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் உள்ளது. இயந்திரம் அதில் மூன்றில் ஒரு பங்கையே பயனுள்ளதாக மாற்றுகிறது. அவ்வாறாயின் மின்கலத்தின் சேமிப்பு ஏறத்தாழ 0.15 லிட்டர் பெட்ரோலுக்கு நிகரானது.

இச்சிறு அளவு என்ன செய்யும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒருவர் நாள்தோறும் 10 கிலோமீட்டர் செல்கிறார். அதற்கு உண்மையில் அரை லிட்டர் பெட்ரோல் தேவை எனக் கொள்வோம். முதல்நாள் மின்கலம் நிறைந்திருந்து, ஓட்டத்தின் முடிவில் குறைந்துவிடுகிறது. செலவான பெட்ரோல் 0.35 லிட்டர். திரை லிட்டருக்கு 28.6 கிலோமீட்டர் என்று காட்டும். மறுநாள் இயந்திரம் வண்டியையும் ஓட்டி, மின்கலத்தையும் நிரப்புகிறது. செலவு 0.65 லிட்டர், திரை 15.4 என்று காட்டும். முதல்நாள் பெருமிதமும் மறுநாள் ஏமாற்றமும் பொருளற்றவை. இருநாளும் சேர்த்து 20 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர், அதுவே உண்மை.

ஒரே ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கணக்கைப் புரட்டிய அதே 0.15 லிட்டர், 30 லிட்டர் செலவாகும் 600 கிலோமீட்டர் பயணத்தில் அரை விழுக்காடாகச் சுருங்கிவிடும். ஆகவே, கலப்பு ஆற்றல் மகிழுந்தின் சிக்கனத்தை ஒரு சிறு பயணத்தைக் கொண்டு மதிப்பிடுதல் கூடாது.

சராசரியின் கண்கட்டு

மேற்கண்ட எடுத்துக்காட்டிலேயே மற்றொரு பாடமும் பொதிந்துள்ளது. 28.6, 15.4 ஆகிய இரு எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 22 கிடைக்கிறது. உண்மையான விடையோ 20. கூட்டலில் பிழையில்லை, கூட்டத்தகாதவற்றைக் கூட்டியதே பிழை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்னும் எண்ணில் பெட்ரோல் வகுக்கும் இடத்தில் நிற்கிறது. ஆகவே, நாள்தோறும் திரை காட்டும் எண்களைக் குறித்துவைத்துச் சராசரி காண்பவர், தம் வண்டியின் சிக்கனத்தை உள்ளதைவிட மிகுத்தே மதிப்பிடுவார். மொத்தத் தொலைவை மொத்தப் பெட்ரோலால் வகுப்பதே நேரிய முறை.

இதே அலகு வேறொரு மயக்கத்தையும் விளைவிக்கிறது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டியை 12 கிலோமீட்டர் ஓடுமாறு செய்வது சிறந்ததா? 20 கிலோமீட்டர் ஓடும் வண்டியை 25 கிலோமீட்டர் ஓடுமாறு செய்வது சிறந்ததா? இரண்டாவதே சிறந்தது எனத் தோன்றும். 100 கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால், முதலாவதில் 10 லிட்டர் 8.33 லிட்டராகிறது, சேமிப்பு 1.67 லிட்டர். இரண்டாவதில் 5 லிட்டர் 4 லிட்டராகிறது. சேமிப்பு 1 லிட்டர் மட்டுமே. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜேக் சோல் ஆகிய இருவரும் 2008ஆம் ஆண்டில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையில் இம்மயக்கத்தை எடுத்துக்காட்டினர். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்னும் அலகு வழங்குகிறது. அவ்வலகில் இம்மயக்கம் தோன்றுவதில்லை.

காண்டல்: நிரப்பிக் காணும் எண்

தொட்டியை முழுமையாக நிரப்பி, வண்டியை ஓட்டி, மீண்டும் முழுமையாக நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை நிரப்பிய பெட்ரோலின் அளவே இடைப்பட்ட ஓட்டத்தின் செலவு. 612 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு 30.6 லிட்டர் தேவைப்பட்டால் சிக்கனம் லிட்டருக்கு 20 கிலோமீட்டர். அவ்வேளையில் திரை 21.2 எனக் காட்டினால், அது 6 விழுக்காடு மிகுத்துக் காட்டுகிறது எனலாம்.

நேரே கண்டதாயினும் இதுவும் குறையற்றதன்று. 'முழுமை' என்பதை முடிவு செய்வது பெட்ரோல் குழாயின் முனையிலுள்ள தானியங்கி நிறுத்தம். வண்டி நிற்கும் தரையின் சாய்வும், பெட்ரோல் பாயும் வேகமும் அது நிற்கும் இடத்தை மாற்றும். வட அமெரிக்காவில் விற்பனையான தொடக்ககாலப் பிரியஸ் வண்டிகளில் இவ்விடர்ப்பாடு மேலும் மிகுதி. ஆவி வெளியேறுவதைக் குறைப்பதற்காகத் தொட்டியினுள் விரிந்து சுருங்கும் பை ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. குளிர்காலத்தில் அப்பை விறைத்துப் போவதால் தொட்டி கொள்ளும் அளவே குறைந்தது. நிரப்பிக் காணும் கணக்கு ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கியது. அவ்வண்டிகளைப் பொறுத்தவரை, ஒருமுறை நிரப்பியதை வைத்துத் திரையைக் குறைகூறியவர்களின் முடிவு உறுதியற்றதாயிற்று.

பெட்ரோல் வெப்பத்தால் விரிவடையும் இயல்புடையது. 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் உயர்ந்தால் அதன் பருமன் ஏறத்தாழ 1 விழுக்காடு மிகும். எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்குரிய ஆற்றல் குறைவு. ஏனெனில் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே. எனவே ஒரு லிட்டர் என்பதும் என்றும் ஒரே அளவு ஆற்றல் அன்று.

எல்லாவற்றினும் நுட்பமானது தொலைவின் பிழை. புதிய டயர் ஒன்றின் மேற்பட்டைத் தடிமன் 8 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் சக்கரத்தின் ஆரம் 6 மில்லிமீட்டர் குறையும். ஆரம் 310 மில்லிமீட்டர் கொண்ட சக்கரத்தில் இது ஏறத்தாழ 2 விழுக்காடு. சக்கரம் சிறுத்தால் அதே தொலைவைக் கடக்கக் கூடுதலாகச் சுழல வேண்டும். சுழற்சியை எண்ணும் கருவியோ, வண்டி கூடுதலாக ஓடியதாகக் கருதும்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. திரையின் கணக்கும் பெட்ரோல் நிலையக் கணக்கும் ஒரே சக்கரச் சுழற்சியிலிருந்தே தொலைவைப் பெறுகின்றன. ஆகவே, தேய்ந்த டயர் இரண்டையும் ஒருசேர உயர்த்திக் காட்டும். இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாட்டில் அப்பிழை வெளிப்படாது. இரண்டு சான்றுகள் ஒத்துப்போவதனாலேயே இரண்டும் மெய் என்று முடிவு செய்தல் கூடாது. அவை ஒரே ஊற்றிலிருந்து நீர் எடுக்கின்றனவா என்பதையும் ஆராய வேண்டும். வரலாற்றாய்வுக்கும் செய்தியாய்வுக்கும் இக்கருத்துப் பொருந்தும்.

தெரியுமா?
குளிர்ந்த இயந்திரம் மிகுதியான பெட்ரோலைச் செலவழிக்கும். இதனைக் குறைப்பதற்காக, வட அமெரிக்காவில் விற்பனையான இரண்டாம் தலைமுறைப் பிரியஸில், இயந்திரத்தைச் சுற்றிவரும் சூடான நீர்மத்தைச் சேமித்துவைக்கும் வெப்பக்குடுவை ஒன்று இருந்தது. வண்டியை மீண்டும் இயக்கும்போது அச்சூடான நீர்மம் இயந்திரத்தை விரைவில் வெப்பப்படுத்தும்.

எண்ணில் அடங்கிய அறம்

சில விழுக்காடு வேறுபாட்டுக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமா என்னும் ஐயம் எழலாம். கலப்பு ஆற்றல் மகிழுந்தை வாங்குபவர் அதன் சிக்கனத்தை நம்பியே கூடுதல் விலை தருகிறார். அச்சிக்கனம் சொல்லப்பட்டதைவிடக் குறைந்தால், கொடுத்த விலை மீள்வதற்கு எடுக்கும் ஆண்டுகள் நீளும். தனிமனிதரோடு இது முடிவதில்லை. எரிந்த ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் 2 கிலோவுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. நாடுகள் தம் மாசுக்குறைப்பு இலக்குகளை வண்டிகளின் சான்றிதழ் எண்களைக் கொண்டே வகுக்கின்றன. எண் பிழையானால் இலக்கு தாளில் மட்டுமே எட்டப்படும், காற்று மாறாது.

இதனை உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம், 2021 முதல் அங்கு விற்பனையாகும் புதிய பெட்ரோல், டீசல் மகிழுந்துகளும் மின்னேற்றக் கலப்பு மகிழுந்துகளும் தம் எரிபொருள் செலவைத் தாமே பதிவு செய்யும் அமைப்பைக் கொண்டிருக்க வேண்டும் என விதித்தது. அப்பதிவின் பிழை 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஓட்டுநரை மகிழ்விக்கும் காட்சிப்பொருளாக இருந்த எண் இவ்வாறு சட்டத்திற்கு உட்பட்ட சான்றாயிற்று.

அந்தப் பதிவுகளைத் தொகுத்து ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோல், டீசல் மகிழுந்துகள் சாலையில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, ஆய்வக எண்ணைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுதி எனத் தெரியவந்தது. வெளியிலிருந்து மின்னேற்றம் செய்யத்தக்க கலப்பு ஆற்றல் மகிழுந்துகளில் அது சராசரியாக 3.5 மடங்காக இருந்தது. அவ்வண்டிகளுக்கு உரிமையாளர்கள் எதிர்பார்த்த அளவுக்கு மின்னேற்றம் செய்யாமல் பெட்ரோலிலேயே மிகுதியாக ஓட்டியது இதற்கு முதன்மையான காரணம். கருவி மெய்யுரைத்தது, மனிதப் பழக்கம் பற்றிய ஊகமே பொய்த்தது.

மூன்றையும் பொருத்துதல்

உரை, கருதல், காண்டல் ஆகிய மூன்றனுள் எதுவும் தள்ளத்தக்கதன்று. எதுவும் தனித்து நம்பத்தக்கதும் அன்று. சான்றிதழ் எண், இரண்டு வண்டிகளை ஒப்பிட்டு வாங்குவதற்கு உதவும். அதைத் தம் வண்டி தரப்போகும் உறுதிமொழியாகக் கொள்ளுதல் தவறு. திரையின் எண், நேற்றைய ஓட்டத்தையும் இன்றைய ஓட்டத்தையும் ஒப்பிட உதவும். அது 6 விழுக்காடு மிகுத்துக் காட்டினாலும், என்றும் அதே அளவு மிகுத்துக் காட்டுமாயின், ஓட்டும் முறையைத் திருத்திக்கொள்ளப் போதுமானது. மெல்ல வேகமெடுத்தல், முன்னறிந்து பிரேக்கை அழுத்துதல் ஆகியவற்றின் பயனை உடனுக்குடன் காட்டும் ஆசான் அதுவே. எனினும், செலவுக் கணக்கு எழுதுவதற்கு உரியது நிரப்பிக் காணும் எண்.

நிரப்பிக் காணும் கணக்கிலும் நெறி வேண்டும். ஒரே நிலையத்தில், ஒரே குழாயில், தானியங்கி நிறுத்தம் முதன்முறை நின்றவுடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் தொலைவையும் லிட்டரையும் குறித்துவைக்க வேண்டும். பத்து முறை நிரப்பியபின் மொத்தத் தொலைவை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். ஒருமுறை கூடுதலாக நிரம்பியது மறுமுறை குறைவாக நிரம்பும். தற்செயலான பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். என்றும் ஒரே திசையில் சாயும் பிழை மட்டுமே எஞ்சும். அதனை அறிய, நெடுஞ்சாலையின் கிலோமீட்டர்க் கற்களோடு தொலைவுமானியை ஒப்பிட்டால் போதும்.

பளபளக்கும் திரையைவிடப் பெட்ரோல் கறை படிந்த சிறு குறிப்பேடு சில வேளைகளில் மெய்க்கு அருகில் நிற்கிறது. அதற்குக் காரணம் குறிப்பேட்டின் பெருமையன்று. அதை எழுதியவரின் பொறுமை. எண்ணைக் கண்டவுடன் ஏற்பதும் அறிவன்று. கண்டவுடன் மறுப்பதும் அறிவன்று. அது எவ்வாறு பிறந்தது, எதனை விட்டுவிட்டது, எதற்குப் பயன்படும் என வினவி ஏற்பதே அளவை அறிந்தோர் செயல்.

கலைச்சொல் அறிவோம்

கலப்பு ஆற்றல் மகிழுந்து – ஹைப்ரிட் கார்
மின்னோடி – மோட்டார்
மின்னாக்கி – ஜெனரேட்டர்
மின்கல அடுக்கு – பேட்டரி
தெளிப்பான் – இன்ஜெக்டர்
தொலைவுமானி – ஓடோமீட்டர்
வேகமானி – ஸ்பீடோமீட்டர்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அருகிலோ உள்ள இருசக்கர வண்டி ஒன்றின் தொலைவையும், நிரப்பிய பெட்ரோல் அளவையும் ஐந்து முறை குறித்து, அதன் சிக்கனத்தைக் கணக்கிடுக. விற்பனையின்போது கூறப்பட்ட எண்ணுடன் ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.
2. நாள்தோறும் நீங்கள் நம்பும் எண்களுள் மூன்றைத் தேர்ந்தெடுத்து, அவை காண்டலா, கருதலா, உரையா என வகைப்படுத்துக.

நம்மை அளப்போம்

பலவுள் தெரிக

1. மகிழுந்தின் திரை காட்டும் சிக்கன எண் எவ்வகை அளவையைச் சாரும்?
அ) காண்டல்
ஆ) கருதல்
இ) உரை
ஈ) மூன்றும் அன்று

2. டயர் தேய்ந்தால் தொலைவுமானி
அ) உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்
ஆ) நின்றுவிடும்
இ) உண்மையைவிடக் கூட்டிக் காட்டும்
ஈ) மாற்றமின்றிக் காட்டும்

குறுவினா

1. 'அளவை' என்னும் சொல்லின் இரு பொருள்களை எழுதுக.
2. கலப்பு ஆற்றல் மகிழுந்து நகரச் சாலையில் மிகுந்த சிக்கனம் தருவது ஏன்?

சிறுவினா

1. "வண்டியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை, எண் மட்டும் குறைந்தது" – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
2. மின்கலத்தின் சேமிப்பு, சிறு பயணத்தின் கணக்கை எவ்வாறு மாற்றுகிறது? எடுத்துக்காட்டுடன் விளக்குக.

நெடுவினா

1. இரண்டு சான்றுகள் ஒத்துப்போவதனால் மட்டும் அவை மெய்யாகிவிடா என்பதைப் பாடக்கருத்தின் துணைகொண்டு நிறுவுக. அக்கருத்தை நாளிதழ்ச் செய்திகளை ஆராய்வதற்கு எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதையும் கட்டுரைக்க.